மிதிவண்டி சுமந்தவை

நுழையும்முன்

பயணம் புறப்படுவோர் எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பேருந்திலும் தொடர்வண்டியிலும் செல்வோர் அதைப் பற்றி மிகுதியாகக் கவலை கொள்வதில்லை. சுமையை எந்திரம் இழுத்துச் செல்கிறது. மிதிவண்டியில் செல்வோரின் நிலை வேறு. அவர்கள் ஏற்றிய ஒவ்வொரு பொருளின் எடையையும் அவர்களுடைய கால்களே உணரும். ஆகவே, மிதிவண்டிக்காரர் தம் பையில் எதை வைக்கிறார் என்பதிலிருந்து அவருடைய தேவை, தொழில், முன்யோசனை ஆகியவற்றை அறிந்துகொள்ளலாம்.

ஓரிரவு தங்கிய ஊர்

காஞ்சிபுரத்தின் தெற்கே, பாலாற்றை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ளது ஓரிக்கை. இவ்வூரின் பெயரிலேயே ஒரு பயணக் கதை அடங்கியிருக்கிறது. திருமழிசையாழ்வாரின் சீடரான கணிகண்ணன் மீது பல்லவ மன்னன் சினம் கொண்டு, நகரைவிட்டு வெளியேறுமாறு ஆணையிட்டான். சீடர் புறப்பட்டார், குருவும் உடன் புறப்பட்டார். திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளையும் தம்முடன் வருமாறு ஆழ்வார் அழைத்தார். பெருமாள் தம் பாம்பணையைப் பாயைப்போலச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னே சென்றார் என்கிறது வைணவ மரபு. மூவரும் நீங்கிய நகரம் பொலிவிழந்தது. மன்னன் பிழையுணர்ந்து வேண்டியபின் அவர்கள் திரும்பினர். இடையில் அவர்கள் ஓர் இரவு தங்கிய இடமே ‘ஓரிரவிருக்கை’ என வழங்கப்பெற்று, பின்னர் ‘ஓரிக்கை’ என மருவியது என்பர். அழைத்தபடி வந்து, சொன்னபடி திரும்பியதால் திருவெஃகாப் பெருமாள் ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’ எனப் பெயர் பெற்றார்.

கோவிலையும் நகரையும் விட்டுப் புறப்பட்ட பெருமாள் உடன் எடுத்துச் சென்றதாகக் கதை கூறுவது ஒரு பாயை மட்டுமே. இரவு எங்குத் தங்கினாலும் படுப்பதற்கு அது வேண்டும். வழிப்பயணத்தில் எது இன்றியமையாதது என்பதைத் தெரிந்த மக்கள் சொல்லிய கதை அது.

நெசவாளரின் பை

ஓரிக்கை இன்று காஞ்சிபுரம் மாநகரோடு ஒன்றிவிட்டது. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள பல ஊர்களைப்போல இங்கும் பட்டு நெசவு வாழ்க்கைக்கு ஆதாரமான தொழிலாக விளங்கி வந்துள்ளது. தறி நெசவாளரின் வீட்டில் இருக்கும். பாவும் ஊடையும் சரிகையும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ நெசவு முதலாளியிடமிருந்தோ வர வேண்டும். நெய்து முடித்த சேலை அங்கேயே திரும்பிச் செல்ல வேண்டும். வீட்டுக்கும் சங்கத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சில கிலோமீட்டர் தொலைவை நெடுங்காலம் இணைத்தது மிதிவண்டி.

சேலை கொண்டுசெல்லும் நெசவாளரின் பையில் பொருள்கள் குறைவு. ஆனால், ஒவ்வொன்றிற்கும் காரணம் உண்டு. மடித்த சேலையின் மேல் தூய பருத்தித் துணி சுற்றப்பட்டிருக்கும். பட்டின் மீது வியர்வையோ விரல் அழுக்கோ படாமல் அது காக்கும். அதன்மேல் ஒரு நெகிழித்தாள் உறை. பட்டு ஈரத்தை எளிதில் உறிஞ்சும் இயல்புடையது. சரிகையிலோ வெள்ளிக்கம்பி கலந்துள்ளது. மழைநீர் பட்டால் பல நாள் உழைப்பு பழுதுபடும். பையைக் கேரியரின் நடுவில், சங்கிலியிலிருந்து விலக்கிக் கட்டுவர். சங்கிலியின் எண்ணெய்க்கறை ஒரு துளி பட்டாலும் சேலையின் மதிப்புக் குறைந்துவிடும்.

திரும்பி வரும்போது அதே பையில் அடுத்த சேலைக்கான பட்டும் சரிகையும் இருக்கும். இவை எடைபோட்டுத் தரப்படும் பொருள்கள். கணக்கோடு நெய்யப்பட வேண்டியவை. சட்டைப்பையில் கூலிப்பணமும் கணக்குச் சீட்டும் இருக்கும். ஒரு கிலோகிராம் அளவே இருக்கும் அந்தப் பையில் ஒரு குடும்பத்தின் பல நாள் வருவாய் அடங்கியிருக்கிறது. எடையில் சிறிய சுமை, பொறுப்பில் மிகப் பெரிய சுமையாக இருக்கக்கூடும் என்பதற்கு நெசவாளரின் பை சான்றாகும்.

சுமையும் அறிவியலும்

மிதிவண்டி மனிதன் கண்ட போக்குவரத்துக் கருவிகளுள் மிகக் குறைந்த ஆற்றலில் இயங்குவது. எஸ். எஸ். வில்சன் என்னும் அறிஞர் 1973ஆம் ஆண்டு ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரையில், ஒரே எடையை ஒரே தொலைவு கொண்டுசெல்ல, நடப்பவர் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே மிதிவண்டியில் செல்பவர் செலவிடுகிறார் எனக் காட்டினார். நடப்பவர் ஒவ்வோர் அடியிலும் தம் உடலைத் தாமே தாங்குகிறார். மிதிவண்டியில் அந்த எடையைச் சக்கரங்கள் தாங்கிக்கொள்கின்றன. கால்கள் உந்துதலை மட்டும் தருகின்றன.

சமதளத்தில் சீராகச் செல்லும்போது கூடுதல் எடையால் பெரிய துன்பம் நேர்வதில்லை. மேடு ஏறும்போதுதான் அது தன்னை உணர்த்தும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 18 கிலோகிராம் எடையுள்ள மிதிவண்டியில் 10 கிலோகிராம் சுமையை ஏற்றினால், மொத்த எடை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் அதே அளவு உழைப்பும் கூடும். அந்த 10 கிலோகிராமை மட்டும் 100 மீட்டர் உயரத்திற்கு ஏற்றச் செய்ய வேண்டிய வேலை 9,800 ஜூல். காஞ்சிபுரத்தைப் போன்ற சமவெளியில் இக்கணக்கு பெரிதாகத் தோன்றாது. கொல்லிமலையின் 70 கொண்டைஊசி வளைவுகளில் மிதித்து ஏறுபவருக்குப் பையில் கிடக்கும் தேவையற்ற பொருள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வரும்.

எவ்வளவு ஏற்றுவது என்பதைப் போலவே எங்கே ஏற்றுவது என்பதும் கருதத்தக்கது. சுமை உயரத்தில் இருந்தால் ஈர்ப்பு மையம் உயர்ந்து வண்டி எளிதில் சாயும். ஆகவே, நெடும்பயணம் செல்வோர் பின்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கும் பைகளில் பொருள்களைச் சம எடையாகப் பிரித்து வைக்கின்றனர். எல்லாச் சுமையும் பின்னால் இருந்தால் முன்சக்கரம் இலேசாகித் திருப்பும்போது தடுமாறும். ஹேண்டில்பாரில் தொங்கும் பை ஊஞ்சலாடி வண்டியைத் திசைமாற்றும். கயிற்றின் முனையோ துப்பட்டாவோ சக்கரக் கம்பிகளில் சிக்கினால் ஓடும் வண்டி நொடியில் கவிழும். இதனைத் தடுக்கவே மிதிவண்டிகளின் பின்சக்கரத்தில் சேலைக் காப்பு பொருத்தப்படுகிறது. சுமையேற்றிய வண்டியின் இயக்க ஆற்றல் மிகுதி என்பதால், பிரேக் பிடித்தபின் அது நிற்பதற்கும் கூடுதல் தொலைவு வேண்டும்.

வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியை உவமையாகக் காட்டுகிறார். மெல்லிய பொருளும் அளவு கடந்தால் அச்சினை முறித்துவிடும் என்னும் அக்கருத்து, பாரவண்டிக்குப் போலவே மிதிவண்டிக்கும் பொருந்துகிறது.

வழித்துணையாகும் கருவிகள்

அளவு கடந்த சுமை தீமை என்றால், எதையும் எடுக்காமல் செல்வதும் அறியாமையே. ஊரைவிட்டுப் பத்துக் கிலோமீட்டர் தாண்டிய இடத்தில் டயர் பஞ்சரானால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதைத் தவிர வேறு வழியிராது. தமிழகத்தின் ஊரகச் சாலைகளில் சீமைக்கருவேல முள் டயரைத் துளைப்பது அன்றாட நிகழ்ச்சி. எனவே, தொலைதூரம் செல்லும் மிதிவண்டிக்காரரின் பையில் முதலிடம் பெறுவன காற்றடிக்கும் சிறிய பம்பு, டயரைக் கழற்றும் நெம்புகோல்கள், உப்புத்தாள், ஒட்டும் பசை, ரப்பர்த் துண்டுகள், ஒரு ஸ்பானர் ஆகியவை. மாற்று டியூப் ஒன்று இருப்பின் வழியில் அதை மாற்றிக்கொண்டு, பழுதுபட்டதை வீட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

இக்கருவிகளைச் சுமந்தால் மட்டும் போதாது. பயன்படுத்தவும் தெரிய வேண்டும். டியூபில் காற்றடித்து நீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடமே துளை. அவ்விடத்தை நன்கு உலர்த்தி உப்புத்தாளால் தேய்த்தால் பசை பற்றிக்கொள்ளும். பசையைத் தடவிய உடனே ரப்பர்த் துண்டை ஒட்டிவிடலாகாது. பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும் வரை சிறிது பொறுத்திருந்து, பின்னரே அழுத்தி ஒட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒட்டியது வழியிலேயே கழன்றுவிடும். டியூபை மீண்டும் உள்ளே வைக்கும்முன் டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவிப் பார்க்க வேண்டும். முள் அங்கேயே தங்கியிருந்தால், ஒட்டிய டியூபையும் அது துளைத்துவிடும்.

கருவிகளுக்கு அடுத்தது நீர். வெயிலில் மிதிப்பவரின் உடல் வியர்வையால் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. வியர்வையுடன் உப்பும் வெளியேறுகிறது. காற்று வீசுவதால் வியர்வை உடனுக்குடன் உலர்ந்து, இழந்த நீரின் அளவு தெரியாமல் போகும். தாகம் மிகுவதற்கு முன்பே சிறிது சிறிதாக நீர் அருந்த வேண்டும் என்பது இதனால்தான். மோரும், உப்புச் சேர்த்த எலுமிச்சைச் சாறும் இழந்ததை ஈடுசெய்யத் தக்கவை.

உணவைப் பொறுத்தவரை தமிழர் மரபே வழிகாட்டுகிறது. வழியில் உண்பதற்குரிய உணவை ‘ஆற்றுணா’ என்றும் ‘கட்டுச்சோறு’ என்றும் தமிழர் பெயரிட்டனர். புளியோதரை ஒருநாள் கெடாமல் இருப்பதற்குப் புளியின் அமிலத்தன்மையும் நல்லெண்ணெயும் காரணம். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோவிலில் படைக்கப்பெறும் குடலை இட்லியில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்கின்றன. இவை செரிமானத்திற்கு உதவும் என்பது மரபுவழி அறிவு.

இரவில் செல்வோர்க்கு முன்விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் வேண்டும். முன்விளக்கு பாதையைக் காட்டுகிறது. பின்விளக்கு, செல்பவர் இருப்பதைப் பிறருக்குக் காட்டுகிறது. பின்னால் பொருத்தப்படும் ஒளிதிருப்பி தன்மீது விழும் ஒளியை வந்த திசையிலேயே திருப்பியனுப்பும் அமைப்புடையது. ஆதலால், பின்வரும் ஊர்தியின் ஓட்டுநர் தம் விளக்கொளியிலேயே அதைக் காண்கிறார். தலைக்கவசமும், வீட்டாரின் தொலைபேசி எண் எழுதிய ஒரு சீட்டும் எடையில் மிகச் சிறியவை. விபத்து நேரும் ஒருநாளில் அவற்றின் அருமை விளங்கும்.

தெரியுமா?

தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் மிதிவண்டியில் உலகைச் சுற்றிய முதல் மனிதராகக் கருதப்படுகிறார். 1884 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் புறப்பட்ட அவர், 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகஹாமாவை அடைந்தார். அவருடைய வண்டி முன்சக்கரம் மிகப் பெரியதாகவும் பின்சக்கரம் மிகச் சிறியதாகவும் அமைந்த பழைய வகை. அவர் உடன் எடுத்துச் சென்றவை காலுறைகள், மாற்றுச் சட்டை, கைத்துப்பாக்கி, மழையங்கி ஆகியவை. அந்த மழையங்கியே இரவில் கூடாரமாகவும் படுக்கையாகவும் அவருக்குப் பயன்பட்டது.

புதுக்கோட்டையின் குடங்கள்

மிதிவண்டி சுமந்த பொருள்கள் ஒரு மாவட்டத்தின் பெண்களுடைய வாழ்க்கையையே மாற்றிய வரலாறு தமிழகத்தில் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியில் ஈடுபட்டது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். ஊர்தோறும் சென்று கற்பிக்க வேண்டிய பெண் தொண்டர்கள் பேருந்தையும் ஆண்களின் துணையையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிலை இருந்தது. மிதிவண்டி ஓட்டத் தெரிந்தால் அந்நிலை மாறும் என்று அவர் கருதினார்.

தொடக்கத்தில் ஏளனம் எழுந்தது. பெண்கள் மிதிவண்டி ஓட்டுவதா என்று கேட்டவர்கள் பலர். எனினும் பயிற்சி ஊர்தோறும் பரவியது. சில ஆண்டுகளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான மிதிவண்டிகள் கடைகளில் கிடைக்காமற்போன காலமும் வந்தது. அப்போது பலர் ஆண்களுக்கான வண்டியையே ஓட்டினர். இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் அவ்வண்டியை விரும்பி ஏற்ற தாய்மார்களும் உண்டு.

அந்தப் பெண்களின் வண்டிகளில் இருந்தவை தண்ணீர்க் குடங்கள், காய்கறிக் கூடைகள், அரிசி மூட்டைகள், குழந்தைகள். இவை புதிய சுமைகள் அல்ல. தலையிலும் இடுப்பிலும் பெண்கள் காலங்காலமாகச் சுமந்துவந்தவையே அவை. உடலிலிருந்து சக்கரத்திற்கு அவை இடம் மாறியபோது, பெண்களின் நேரம் மிச்சமாயிற்று. ஒரே ஊரில் மட்டும் விளைபொருளை விற்றவர்கள் ஒரே நாளில் பல ஊர்களுக்குச் சென்று விற்றனர். பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம் குறைந்தது. யாருடைய துணையும் இன்றி வெளியே சென்று திரும்பலாம் என்னும் துணிவு வளர்ந்தது. நடப்பவரைவிட மிகக் குறைந்த ஆற்றலில் சுமையைக் கொண்டுசெல்லும் வண்டி என்று அறிவியல் கணக்கிட்டுச் சொன்னதைப் புதுக்கோட்டைப் பெண்கள் தம் வாழ்வில் கண்டறிந்தனர்.

யாழ்ப்பாணத்துத் துவிச்சக்கர வண்டி

புதுக்கோட்டைப் பெண்களின் சுமை அவர்கள் தாமே விரும்பி ஏற்றியது. விரும்பாத சுமையை ஏற்ற வேண்டிய காலத்தை ஈழத்தமிழர் கண்டனர். யாழ்ப்பாணத்தில் மிதிவண்டியைத் ‘துவிச்சக்கர வண்டி’ என்றும் வழங்குவர். 1990களின் போர்க்காலத்தில் எரிபொருள் அரிதானபோது, அங்கே பெரும்பாலான பயணங்களுக்கு மிதிவண்டியே துணையாயிற்று. விறகு, நெல்மூட்டை, நோயாளி என அனைத்தும் அதன் மீதே சென்றன. மின்சாரம் இல்லாத இரவுகளில், மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி அந்த மின்னாற்றலில் வானொலி கேட்டனர்.

1995 அக்டோபர் மாத இறுதியில் போர் நெருங்கியபோது, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தனர். வழியெங்கும் கூட்டம். மிதிவண்டிகளை ஓட்ட இயலாமல் தள்ளிக்கொண்டே நடந்தனர். ஒரு வண்டியில் எவ்வளவு ஏற்ற முடியும்? மாற்றுடைகள், சமைக்கும் பானை, சிறிது அரிசி, சான்றிதழ்கள், முதுமையால் நடக்க முடியாத ஒருவர். அதற்குமேல் இடமில்லை. வீடும் தோட்டமும் நூல்களும் பின்னே நின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்னும் முடிவு எவ்வளவு கடினமானது என்பதை அந்த மக்கள் அறிந்த அளவுக்கு வேறு எந்தப் பயணியும் அறிந்திருக்க இயலாது.

பள்ளிக்குச் செல்லும் வண்டி

தமிழகத்தில் 2001–02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. பின்னர் அது அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவ மாணவியர் பிறருக்கும் விரிவாக்கப்பட்டது. ஊரில் மேல்நிலைப்பள்ளி இல்லாத காரணத்தால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் நிலை பல பெண்களுக்கு இருந்தது. பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே உள்ள தொலைவைச் சுருக்குவதே இத்திட்டத்தின் நோக்கம்.

ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரத்திற்குச் செல்லும் சாலையில் காலையில் செல்லும் மாணவரின் கேரியரில் புத்தகப்பை இருக்கிறது. பக்கத்தில் மதிய உணவும் நீர்ப்புட்டியும் இருக்கின்றன. அதே சாலையில் முன்பு தந்தையும் பாட்டனும் பட்டுச்சேலைகளைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டு சென்றிருக்கக்கூடும். பையில் உள்ள பொருள் மாறியிருக்கிறது. அதை நனையாமலும் சிதையாமலும் கொண்டுசேர்க்க வேண்டும் என்னும் கவனம் மாறவில்லை.

புறப்படும் முன் டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதும், பிரேக் பிடிக்கிறதா என்று சோதிப்பதும், பையை நடுவில் இறுகக் கட்டுவதும் சிறிய செயல்கள். அவற்றைச் செய்ய ஒரு நிமிடம் போதும். வழியில் என்ன நேரக்கூடும் என்று எண்ணிப் பார்த்து, அதற்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, வேண்டாததை வீட்டிலேயே விட்டுச் செல்லப் பழகியவர் மிதிவண்டியை மட்டும் ஓட்டக் கற்றவர் அல்லர். சுமையின் அளவை அறிந்து நெடுந்தொலைவு செல்லும் ஆற்றலையும் அவர் பெற்றுவிடுகிறார்.